அயலகத்துப் பேரப்பிள்ளைகளும் நம் அறமும்

தமிழகத்துச் சமணர் உழவையும் கல்வியையும் நம்பி வாழ்ந்த சிற்றூர்க் குடியினர். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கழனிகளே நம் முன்னோரின் உலகமாக இருந்தன. இரண்டு தலைமுறைக்குள் அந்நிலை மாறிற்று. கழனியிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து சென்னை அலுவலகங்களுக்கும், அங்கிருந்து லண்டன், டொராண்டோ, சிங்கப்பூர், நியூஜெர்சி என்று கடல் கடந்த நகரங்களுக்கும் நம் மக்கள் சென்றுவிட்டனர். மேல்சித்தாமூர்த் தேர்த்திருவிழாவில் கூடும் முதியோர் இன்று ஒருவரையொருவர் கேட்பது விளைச்சலைப் பற்றியன்று, "பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறான்?" என்பதே. அதற்கடுத்த வினாவை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. எனினும் ஒவ்வோர் உள்ளத்திலும் அது உளது. அங்கே பிறந்து வளரும் பேரப்பிள்ளைகள் நம்மவராக இருப்பார்களா?

இவ்வினாவிற்குக் கண்ணீரால் விடை காண முடியாது. பெருமிதத்தாலும் காண முடியாது. 'நம்மவர்' என்னும் சொல்லுக்குப் பொருள் யாது என்பதை முதலில் தெளிய வேண்டும். அது தெளியாமல் பிள்ளைகளைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது, படி இல்லாமல் நெல் அளப்பதை ஒக்கும். ஆகவே நாம் வாழ்ந்தறிந்த சில செய்திகளையும், நம் ஆகமம் கற்பிக்கும் சில கருத்துகளையும் ஒருங்கு வைத்து இதனை ஆராய்வோம்.

கடல் கடவாமலே அயல்

அயல்மண் என்பது விமானம் ஏறிச் சென்றால் மட்டுமே கிட்டுவதன்று. ஆசிரியப் பயிற்சி முடித்து, பணியின் பொருட்டு நாம் குடியேறிய சாணார்பட்டி, திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் உள்ளது. தெற்கே சிறுமலை, சுற்றிலும் புளியும் மாவும் தென்னையும். நல்ல மக்கள், நல்ல ஊர். ஆயினும் அங்கு ஜினாலயம் இல்லை. நம்மவர் வீடு மற்றொன்று இல்லை. திண்டுக்கல் என்றாலே பூட்டும் பிரியாணியும் தோல் தொழிலும் நினைவுக்கு வரும் உலகில், கிழங்கும் உண்ணாத ஒரு குடும்பம் பிள்ளைகளை வளர்க்க வேண்டியிருந்தது. 'சமணர்' என்ற சொல்லை அவ்வூரார் பாடநூலில் மட்டுமே கண்டிருந்தனர். "இன்னும் இருக்கிறீர்களா, டீச்சர்?" என்று உண்மையான வியப்புடன் நம்மைக் கேட்ட பெற்றோர் உண்டு.

நம் பிள்ளைகளும் பள்ளியில் அதே வினாவை எதிர்கொண்டனர். லண்டனில் இன்று நம் பேரக்குழந்தை எதிர்கொள்ளும் வினா அதனினும் வேறானதன்று. தமிழகம் முழுவதிலுமே நாம் மிகச் சிலர். 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இம்மாநிலத்தில் வாழும் ஜைனர் ஏறத்தாழ 89,000 பேர். அவர்களுள்ளும் பெரும்பகுதியினர் வடபுலத்திலிருந்து வந்து குடியேறிய வணிகக் குடும்பத்தார். பல நூற்றாண்டுகளாகச் சிறுபான்மையினராய் வாழ்ந்தும் அழியாத மரபு நம்முடையது. அயலாரிடையே வாழ்வது எவ்வாறு என்பதை நாம் எவரிடமும் கடன் வாங்கிக் கற்க வேண்டியதில்லை.

அதனை நமக்குக் கற்பித்தவற்றுள் முதன்மையானது இரவு உண்ணா நோன்பு. "பொழுது சாய்ந்தால் டீச்சர் வீட்டு அடுப்பு எரியாது" என்பது எம் தெருவில் பழமொழி போல வழங்கிற்று. சில ஆண்டுகளில் அண்டை வீட்டார் தம் இல்ல விழாக்களில் நமக்கென மாலை ஐந்து மணிக்கே இலை போடத் தொடங்கினர். நாம் கேட்கவில்லை, அவர்களாகவே செய்தனர். இது புதுமையன்று. புகாரை விட்டு மதுரைக்கு வந்த கோவலனும் கண்ணகியும் அந்நகரில் அயலார். அவர்களுக்கு அடைக்கலம் தந்த ஆய்ச்சி மாதரி வேறு நெறியினள். சாவக நோன்பு உடையோர் என்பதனால் அவர்கள் தாமே பகலில் சமைத்து உண்ணுமாறு, நல்ல கலங்களையும் காய்கனிகளையும் அரிசியையும் ஆயர் வீட்டினர் அளித்தனர் எனச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளை மறையவன் கூறும் பகுதியில், பாண்டியனுடைய சிறுமலையும் அடையாளமாக வருகிறது. அச்சிறுமலையின் அடிவாரத்தில் நாம் வாழ்ந்த வாழ்வும் அக்கதையின் தொடர்ச்சியே என்று மாணவர்க்குச் சொல்லி மகிழ்ந்ததுண்டு. நோன்பைத் தெளிவாகவும் பணிவாகவும் கைக்கொள்வோர்க்கு அயலார் மதிப்பளிப்பர். மறைத்து வைப்போரின் நோன்பை அவர்தம் பிள்ளைகளே மதியார்.

கல் காத்தது, இல்லம் காக்கவில்லை

இதே திண்டுக்கல் மாவட்டத்தின் மேற்கே, பழனிக்கு அருகில் ஐவர்மலை உள்ளது. திருவயிரை என்பது அதன் பழம்பெயர். பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பாண்டியன் வரகுணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, சக ஆண்டு 792, அதாவது பொது ஆண்டு 870இல் பொறிக்கப்பட்டது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் அங்குள்ள பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, 505 காணம் பொன் அளித்த செய்தியை அது கூறுகிறது. இன்று அம்மலையை மக்கள் பாண்டவர் ஐவரோடு தொடர்புபடுத்திப் போற்றுகின்றனர்.

இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. எனினும் ஒரு பாடம் உண்டு. உருவங்கள் உள்ளன, பெயர்கள் உள்ளன, பொன்னின் அளவும் உள்ளது. இவற்றைக் கண்டு "எம் பாட்டனார் வழிபட்டது" என்று சொல்ல அச்சுற்றுவட்டாரத்தில் ஒரு குடும்பம் இல்லை. கல் காத்ததை இல்லங்கள் காக்கவில்லை. அங்கிருந்தோர் இடம்பெயர்ந்தனரோ, நெறி மாறினரோ, எவ்வாறாயினும் பாட்டியிடமிருந்து பேத்திக்குச் செல்லும் கயிறு எங்கோ ஓரிடத்தில் அறுந்தது. அயல்நாடுகளில் பளிங்குக் கோயில் எழுப்பிவிட்டால் மரபு காக்கப்படும் என்று எண்ணுவோர் ஒரு முறை ஐவர்மலைக்குச் சென்று வருவது நல்லது.

இருமுறை அயலார் ஆக்கப்பட்ட பிள்ளைகள்

பிறந்த நாடு ஒன்று, பெற்றோர் நாடு ஒன்று என்னும் நிலையை நாம் முதன்முதலில் கண்டது ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் அன்று. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கைத் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் குடிமக்களாக ஏற்பது என முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மனிதரை மூட்டைகள் போல எண்ணிப் பிரித்த ஒப்பந்தங்கள் அவை. அவற்றின்படி தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல தமிழக மாவட்டங்களில் குடியமர்ந்தன. கொடைக்கானல் மலைப்பகுதியிலும் பலர் வந்து சேர்ந்தனர். நாம் பணியாற்றிய வகுப்பிலும் அத்தகைய பிள்ளைகள் இருவர் சேர்ந்தனர்.

இலங்கையில் அவர்கள் 'இந்தியத் தமிழர்'. இங்கே வந்ததும் 'சிலோன்காரப் பிள்ளைகள்'. பாட்டன் பிறந்த மாவட்டத்திற்கே வந்தும் அவர்களுக்கு அயலார் என்ற பெயர் தீரவில்லை. அவர்கள் பேச்சிலிருந்த ஓரிரு சொற்களைக் கேட்டு மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். அவ்விருவருள் மூத்தவன் ஒரு நாள், "டீச்சர், எங்க ஊரு எது?" என்று கேட்டான். வகுப்பு அமைதியாயிற்று. "நீ பிறந்த தோட்டமும் உன் ஊர், இந்தச் சாணார்பட்டியும் உன் ஊர். இரண்டு ஊர் உள்ளவனுக்கு ஓர் ஊர் உள்ளவனைவிடச் சொல்வதற்கு அதிகம் இருக்கும்" என்றோம். பின்னர் அவனைத் தேயிலை பறிக்கும் முறையை வகுப்பிற்கு விளக்கச் செய்தோம். கொழுந்து என்பது இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று அவன் விரலால் காட்டியபோது சிரித்தவர்களே கூர்ந்து கேட்டனர்.

அயலகத்துப் பேரக்குழந்தையின் நிலையும் இதுவே. அங்கே, "நீ உண்மையில் எந்த நாடு?" என்று கேட்கின்றனர். கோடை விடுமுறைக்கு இங்கே வந்தால் உறவினர் சூழ்ந்து நின்று, "வெள்ளைக்காரியாகிவிட்டாயே, தமிழே வரவில்லையே" என்று நகைக்கின்றனர். முதல் வினா பிறர் கேட்பது, அதனைப் பொறுக்கலாம். இரண்டாவது சொந்த வீட்டில் கேட்பது. இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கும் குழந்தை, இரு வீட்டிலும் வாய் திறவாதிருக்கக் கற்றுக்கொள்கிறது. ஒரு சொல்லால் ஓர் உயிரை வருத்துவதும் இம்சையே என்று படித்த நாம், இதனை இம்சையென எண்ணுவதில்லை.

இரண்டு அடையாளம் என்றால் இரண்டும் அரைகுறை என்று கொள்வதும் தவறு. மதுரையிலும் திண்டுக்கல்லிலும் வாழும் சௌராட்டிர மக்கள் பல நூற்றாண்டுகளாக வீட்டில் சௌராட்டிரமும் வெளியில் தமிழும் பேசி வருகின்றனர். தமிழ்த் திரையிசையில் சொல்லைத் திருத்தமாக ஒலிப்பதற்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படும் டி. எம். சௌந்தரராஜன் அச்சமூகத்தவரே. தாய்மொழி வேறாயிருந்தமை அவரது தமிழைக் குறைக்கவில்லை. தமிழ் அவரது வீட்டு மொழியை அழிக்கவுமில்லை.

நம் ஆகமம் கூறும் விடை

இனித் தத்துவத்தை நோக்குவோம். உள்பொருள் ஒவ்வொன்றும் தோற்றம், அழிவு, நிலைபேறு என்னும் மூன்றும் ஒருங்கே உடையது எனத் தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. வளையலை உருக்கிச் சங்கிலி செய்தால் வளையல் அழிந்தது, சங்கிலி தோன்றிற்று, பொன் நிலைத்தது. மாறாதது மட்டுமே மெய் என்போர் ஒருபுறம். மாறுவது மட்டுமே மெய் என்போர் மறுபுறம். நம் நெறி இரண்டையும் ஒருங்கு காண்பது. ஆகவே, "எல்லாம் மாறிவிட்டது, நம் குடும்பம் அழிந்தது" என்று புலம்புவதும், "எதுவும் மாறக்கூடாது" என்று பிடிவாதம் செய்வதும் நமக்கு ஒவ்வா. நிலைத்த பொன் எது, மாறும் வடிவம் எது என்று பகுத்தறிவதே நம் கடமை.

ஆசாரிய குந்தகுந்தர் வகுத்த நிச்சய நயம், வியவகார நயம் என்னும் இரு நோக்குகள் இங்கு வழிகாட்டும். நிச்சய நயத்தால் நோக்கின் உயிருக்கு நாடில்லை, மொழியில்லை, குலமில்லை. அது தமிழுமன்று, ஆங்கிலமுமன்று. அறிவே அதன் இயல்பு. வியவகார நயத்தால் நோக்கின் அவ்வுயிர் ஒரு தாய் வயிற்றில் பிறந்தது, ஒரு மொழி கேட்டு வளர்ந்தது, ஒரு மரபிற்குக் கடன்பட்டது. முதல் நோக்கை மட்டும் கொண்டால் மரபு வேண்டாமென்று ஆகிவிடும். இரண்டாவதை மட்டும் கொண்டால் செருக்கு மிகும்.

அவ்வாசாரியரே தம் சமயசாரத்தில் ஓர் உவமை கூறுகிறார். அயன்மொழி பேசுவோன் ஒருவனுக்கு அவன் மொழியிலன்றி எதனையும் அறிவுறுத்தல் இயலாது. அவ்வாறே வியவகாரம் இன்றிப் பரமார்த்தத்தை உணர்த்தல் இயலாது என்பது அதன் கருத்து. உயர்ந்த மெய்ப்பொருளைக் கூற வந்தவர், அயலானுக்கு அவன் மொழியில் சொல் என்பதையே உவமையாக எடுத்தார். பொன்னூர் மலையில் அவர் தவம் செய்தார் என்று போற்றி அடிபணியும் நாம், நம் பேரக்குழந்தைக்கு விளங்கும் மொழியில் ஒரு வாக்கியம் பேச வெட்கப்படலாமா? தமிழ்ச் சமணராகிய பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார், தமிழில் உள்ள ஜைன இலக்கியங்களைப் பற்றி 1941இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். சமயசாரத்தையும் ஆங்கில விளக்கத்துடன் பதிப்பித்தார். அது 1950இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் எழுதியதனால் அவர் தமிழை இழக்கவில்லை. தமிழறியாதாரையும் தமிழின் வாயிலுக்கு அழைத்து வந்தார்.

பிறப்பினால் எவரும் ஜைனர் ஆவதில்லை. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளே ஜைனரை ஆக்குவன. பகவான் மகாவீரரின் முதற் கணதரராகிய இந்திரபூதி கௌதமர் வேதியர் குலத்தில் பிறந்தவர். நம் சமயத்தின் முதல் மாணாக்கரே பிறப்பால் நம்மவரல்லர் என்பதை நினைவில் கொண்டால் பல வீண் சச்சரவுகள் தீரும். பேரன் வேறு குலத்துப் பெண்ணை மணந்தான் என்பதற்காக அவன் பெயரைக் குடும்பப் பேச்சிலிருந்தே நீக்கிவிட்ட வீடுகளை நாம் அறிவோம். அப்பெண் இரவு உண்ணாமல் இருக்கிறாள், புலால் தொடுவதில்லை, கற்க விரும்புகிறாள் என்றால் அவள் சாவகி அல்லள் என்று கூற எந்த ஆகமம் நமக்கு உரிமை தந்தது? நம்மவர் வீட்டில் பிறந்து, நோன்பு எதனையும் கைக்கொள்ளாது, குலப்பெயரை மட்டும் தாங்கி நிற்போன் எவ்வகையில் அவளினும் நம்மவன்?

இரண்டு பள்ளிகளுக்கு நடுவே

அயலகத்தில் தமிழ்ச் சமணக் குழந்தைக்கு மட்டுமே உரிய தனி இடர் ஒன்றுண்டு. ஏனையோர் இதனை அறியார்.

அங்குள்ள ஜைன அமைப்புகள் பெருமைக்குரியவை. 1972இல் உகாண்டாவிலிருந்து இதி அமீன் விரட்டிய ஆசிய மக்களுள் பலர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறினர். அந்நகரில் தேவாலயமாக இருந்த ஒரு கட்டடம் ஜைனக் கோயிலாக்கப்பட்டு 1988இல் திறக்கப்பட்டது. திகம்பரர், சுவேதாம்பரர் இருவரும் ஒரே கூரையின் கீழ் வழிபடும் இடம் அது. வட அமெரிக்காவில் ஜைனச் சங்கங்களின் கூட்டமைப்பு 1981 முதலும், இளைஞர் அமைப்பு 1991 முதலும் இயங்கி வருகின்றன. பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் நடத்துகின்றனர். ஆயினும் அங்கே வழிபாட்டு மொழிகள் குசராத்தியும் இந்தியும், பாடமொழி ஆங்கிலம். தமிழில் ஒரு ஜின துதி கேட்பது அரிது.

மறுபுறம் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று, பள்ளியிலேயே கற்பிக்கப்படுகிறது. கனடா நாடாளுமன்றம் 2016இல் சனவரித் திங்களைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. கலிபோர்னியாவில் 1998 முதல் ஒரு தமிழ்க் கல்விக் கழகம் நடைபெறுகிறது. அங்கெல்லாம் தமிழ் வளர்கிறது. ஆனால் தமிழர் திருநாள், தமிழர் வழிபாடு என்று காட்டப்படும் படங்களில் அருகன் இல்லை. ஆகவே நம் குழந்தை, தமிழ் கற்கும் இடத்தில் சமணத்தைக் காண்பதில்லை. சமணம் கற்கும் இடத்தில் தமிழைக் கேட்பதில்லை. 'தமிழ்ச் சமணர்' என்னும் ஒரே சொல் அதன் வாழ்வில் இரு துண்டாக நிற்கிறது.

அத்துண்டுகளைப் பொருத்தும் ஆற்றல் வீட்டிற்கே உண்டு. தமிழ்ப்பள்ளியில் நாலடியார் கற்கும் குழந்தைக்கு, அது சமண முனிவர் பாடல்களின் தொகுப்பு என்று சொல்ல ஒரு பாட்டி வேண்டும். இலக்கணம் கற்கும் பிள்ளைக்கு நன்னூல் செய்த பவணந்தியார் சமண முனிவர் என்று சொல்ல ஒரு தாத்தா வேண்டும். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த வரலாறு இதனை விளக்கும். சைவத் தமிழில் துறைபோகிய அப்பெரியாருக்கும் சிந்தாமணியின் சமயக் கருத்துகள் எளிதில் விளங்கவில்லை. கும்பகோணத்து ஜைனர் சிலரிடம் கேட்டுத் தெளிந்தார். ஒரு நாள் அவர்களுள் ஒருவர் வீட்டு வாயிலில் கோலமும் மாவிலைத் தோரணமும் கண்டு காரணம் வினவ, சிந்தாமணியைப் படித்து முடித்த நாள் என்றனர். அந்த வீடுகளில் அந்நூல் விழாவாக வாழ்ந்தது. கும்பகோணத்தில் நம்மவர் மிகச் சிலரே. அச்சிலர் வீட்டில் வைத்துப் படித்தமையால், உலகத் தமிழர் அனைவருக்கும் அந்நூலின் பொருள் கிட்டிற்று. சிறுபான்மையினர் தமக்கென்று காப்பது பிறர்க்கும் பயன்படும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

"ஒழுக்கம் இருந்தால் போதாதா, மொழி எதற்கு?" எனச் சிலர் வினவலாம். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடைந்த தொழிலாளரின் வழியினரையும், ரெயூனியன் தீவிலுள்ள தமிழ் வழியினரையும் நோக்குக. அவர்களுள் மிகப் பலர்க்கு இன்று தமிழ் பேச வாராது. எனினும் காவடியும் தீமிதியும் அதற்கு முன்னுள்ள நோன்பும் நிலைத்துள்ளன. உடலால் செய்தது தலைமுறைகளைக் கடந்தது. சொல் இடையில் நின்றது. அவர்தம் பற்று வணக்கத்திற்குரியது. ஆயினும் சொல் மறைந்தபின், இதனை ஏன் செய்கிறோம் என்பதற்கு முன்னோர் சொன்ன காரணம் பிள்ளைகளுக்கு நேரே எட்டுவதில்லை. ஒழுக்கம் மரபின் உடல் எனின் மொழி அதன் நினைவு. நம் நெறியோ காரணத்தின்மீது நிற்பது. காரணம் மறந்த நோன்பு நம்மிடையே நெடுநாள் வாழாது.

'ஏன்?' என்னும் வினா

பிள்ளைகள் காரணம் கேட்கின்றனர். இதனையே பலர் மரியாதைக் குறைவென்று கருதுகின்றனர். லண்டனில் வளரும் நம் பேத்தி பதினைந்து வயதினள். குளிர்காலத்தில் அங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைகிறான். பள்ளியிலிருந்து வீடு சேர்வதற்குள் இருட்டிவிடும். கோடையில் ஒன்பது மணி கடந்தும் வெளிச்சம் உண்டு. "பாட்டி, டிசம்பரில் பசியோடு படுத்து, ஜூனில் ஒன்பது மணிக்குச் சாப்பிடுவது அறமா?" என்று தொலைபேசியில் வினவினாள். விளக்கொளியில் வந்து விழும் சிற்றுயிர்களைக் காப்பதும், நாவை ஓர் எல்லைக்குள் நிறுத்துவதும் இந்நோன்பின் இரு பயன்கள் என்றோம். "முதலாவது மின்விளக்கினால் ஓரளவு மாறியிருக்கலாம். இரண்டாவது எந்நாட்டிலும் மாறாது. வளரும் உடலுக்கு உணவு வேண்டும். நோன்பு ஆற்றலுக்கேற்பக் கொள்வது. விடுமுறை நாள்களில் முழுமையாகக் கொள், பள்ளி நாள்களில் உனக்கு நீயே ஒரு மணியை வரையறுத்து அதைக் கடவாதே" என்றோம். அவள் ஏழு மணி என்று வரையறுத்தாள். அதனை நோன்பின் தளர்வு என்று சிலர் கூறலாம். தானே வரைந்த எல்லையைத் தானே காப்பதுதான் அணுவிரதத்தின் தொடக்கம் என்று நாம் கருதுகிறோம்.

அவளது அடுத்த வினா கடினமானது. "கொல்லாமை நம் முதல் அறம் என்கிறீர்கள். பாலுக்காகக் கன்றைத் தாயிடமிருந்து பிரிக்கிறார்கள், காளைக்கன்றைக் கொல்லுகிறார்கள். நாம் பால் குடிக்கலாமா? பாலால் அபிஷேகம் செய்யலாமா?" வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள்ள ஜைன இளைஞருள் பலர் இவ்வாறு ஆராய்ந்து பாலை விலக்கி வருகின்றனர். இது மேனாட்டு மோகம் என்று நம் முதியோர் சிலர் சினக்கின்றனர். பால் நம் முன்னோர் உணவு, சாவகர்க்கு விலக்கப்படாதது, மாதரி வீட்டிலும் அளிக்கப்பட்டது. இவையெல்லாம் உண்மையே. ஆயினும் அந்நாளில் காளைக்கன்று ஏருக்கும் வண்டிக்கும் வேண்டியதாக இருந்தது. இன்று சாணார்பட்டிச் சுற்றுவட்டாரத்திலும் உழவு டிராக்டரால் நடைபெறுகிறது. கலப்பினப் பசு ஈன்ற காளைக்கன்று விரைவில் சந்தைக்குச் செல்கிறது. சந்தையிலிருந்து அது எங்குச் செல்கிறது என்பதை எவரும் கேட்பதில்லை. பேத்தி கேட்டுவிட்டாள்.

பாலை விலக்குக என்று நாம் இவ்வேட்டின் வாயிலாக எவர்க்கும் கட்டளையிடவில்லை. ஆசாரியர்களும் சான்றோரும் கூடி ஆராய வேண்டிய செய்தி அது. நாம் கூறுவது வேறு. கொல்லாமை என்னும் அளவுகோலை நாம் கொடுத்தோம். அப்பிள்ளை அதைக் கையில் ஏந்தி, நம் சமையலறையையே அளக்கிறாள். இதனைவிட நம்மவளாக ஒருத்தி எவ்வாறு இருக்க இயலும்? அடையாளம் அழிந்தது என்று நாம் அஞ்சிய இடத்திலேயே அது வேர்விட்டுள்ளது. நாம் வழக்கமாகச் செய்வதை அவள் ஆராய்ந்து செய்கிறாள். வழக்கம் வடிவம், ஆராய்ந்து கொள்ளும் கொல்லாமை பொன்.

நாம் செய்யத்தக்கன

அவ்வாறாயின் முதியோராகிய நம் கடன் யாது? ஆசிரியப் பயிற்சியில் கற்ற முதல் விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. அதனையே இங்கும் பின்பற்றலாம்.

வாரம் ஒரு முறை, அங்கே பகலாக இருக்கும் நேரம் பார்த்து, பேரக்குழந்தையோடு பத்து நிமிடம் தமிழில் பேசுக. தவறாகப் பேசினால் நகையாது, திருத்திய வாக்கியத்தை நாமே ஒரு முறை இயல்பாகச் சொல்லுக. விளங்காதவிடத்து அதன் மொழியில் விளக்குக. தெரியாத ஆங்கிலச் சொல்லை அக்குழந்தையிடமே கேட்டுக் கற்க. கற்பவர் கற்பிப்பவராகும்போது நாணம் அகலும்.

ஊருக்கு வரும்போது உறவினர் வீடுகளுக்கு மட்டும் அழைத்துச் செல்லாது, திருமலைக்கும் திருப்பருத்திக்குன்றத்திற்கும், இயன்றால் ஐவர்மலைக்கும் அழைத்துச் செல்க. பாறையைக் காட்டிப் பெருமை பேசுவதோடு நில்லாது, இங்கிருந்தோர் என்ன நோன்பு நோற்றனர், ஏன் நோற்றனர் என்று கூறுக.

குடும்பத்தில் வழங்கும் துதிகளையும், நோன்பு நாள்களையும், அவற்றிற்குப் பாட்டி சொன்ன காரணங்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க. ஐந்து அணுவிரதங்களுள் ஒன்றை, குழந்தை தானே தேர்ந்து, தன்னால் இயன்ற அளவில், ஓராண்டிற்கு மட்டும் கைக்கொள்ளுமாறு கூறுக. எதைத் தேர்ந்தாலும் மறுக்கற்க. எல்லாவற்றிற்கும் மேலாக, 'ஏன்?' என்று கேட்ட குழந்தையிடம் 'கேள்வி கேட்காதே' என்று சொல்லற்க. விடை தெரிந்தால் கூறுக. தெரியாவிடில் கற்றோரைக் கேட்டு மறுவாரம் கூறுக.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. பத்து நிமிடமும் பொறுமையுமே வேண்டும். பேரப்பிள்ளைகள் நம்மவரா என்பதை அவர்களிடமிருந்து சான்று கேட்டு அறிவதற்கில்லை. நாம் காக்கும் நோன்பிற்குக் காரணத்தை நாம் அறிந்திருக்கிறோமா, அறிந்ததை அவர்க்கு விளங்கச் சொல்கிறோமா என்பதே அதற்கு அளவாகும். சொல்லும் வீடுகள் எந்நாட்டில் இருந்தாலும் அங்கே நம் அறம் வாழும்.

கொல்லாமை ஓங்குக! அருகன் அறம் தழைக்க!